ஒரே முகவரியில் இரண்டு கையெழுத்து

14 ஜனவரி 2024

அன்புத் தங்கை பிறின்சிக்கு,

மாதா காவலில் நீயும் உன் முழங்காலும் நலம்தானே? என் சீனியும் பிறஷரும் டொக்டர் சொன்ன இடத்தில் நிற்கின்றன. நிலக்ஷனும் நலம். காலையில் ரயில் பிடித்துப் பல்கலைக்கழகம் போகிறான், இருட்டிய பிறகு வருகிறான். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னான்.

டிசம்பரில் நத்தாருக்குப் போன் எடுத்தபோது நான் வாயை விட்டது பிழைதான். "எங்கட வீட்டில ஒருத்தி கிழடுகளுக்குக் கால் கழுவுறது காணும், என்ர பெடியனும் கழுவ வேணுமோ?" என்று உன்னிடமே கேட்டிருக்கக் கூடாது. முதியோர் இல்லத்தில் நீ செய்த அந்த வேலையில்தான் இந்த ஜேர்மனிக்கு வந்த புதிதில் நானும் சாப்பிட்டேன். மன்னித்துக்கொள். "இனிப் போன் எடுக்காதையுங்கோ. சொல்ல இருக்கிறதை எழுதுங்கோ, எழுதேக்கையாவது வாய் தடுக்கும்" என்று நீ வைத்துவிட்டாய். அதுதான் முத்திரை வாங்கி வந்து குந்தியிருக்கிறேன். நிலக்ஷன் உன்னைப் போலப் பராமரிப்பு வேலை படிக்கப் போகிறேன் என்று நின்றதெல்லாம் பழைய கதை. இப்போது ஒழுங்காகப் படிக்கிறான்.

இங்கே ஊர் கொதிக்கிறது. அண்ணியின் முப்பத்தோராம் நாள் சாப்பாடு கொடுத்தோமே, அந்த நகர மண்டபத்தை எங்கள் மேயர் நகரசபைக்கே தெரியாமல் ஒரு கம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பத்திரம் வெளியே வந்த பிறகுதான் விசயம் பிடிபட்டது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடமும் அங்கேதான் நடக்கிறது. எங்களைக் கேளாமல் எங்கள் பெயரில் கையெழுத்து வைக்க இவர் யார்?

கீழ்வீட்டு ஹேகமான் ரீச்சர், ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும், அவர் ஒரு வழி சொன்னார். அடுத்த தேர்தல் மட்டும் காத்திருக்கத் தேவையில்லையாம். வாக்களித்த நாங்களே கையெழுத்துச் சேர்த்து, "இவரை இறக்குவதா என்று ஊரிடம் கேள்" என வாக்கெடுப்புக் கோரலாமாம். எங்கள் அளவு ஊருக்கு வாக்காளரில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். இருபத்து நாலாயிரம் பேருக்கு நாலாயிரத்து எண்ணூறு. கையெழுத்து நாலு மாதத்துக்கு மேல் பழசாகக் கூடாது. தமிழ் வீடுகளை என் தலையில் கட்டிவிட்டு ஒரு கட்டுத் தாளும் தந்தார்.

பாண் தொழிற்சாலையை விட்டு நின்ற பிறகு என்னிடம் ஒருவரும் ஒரு வேலையும் கேட்டதில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அண்ணன் மரியரட்ணம்


28 ஜனவரி 2024
பான்

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. கோபம் முக்கால்வாசி ஆறிவிட்டது. மிச்சம் முழங்காலுக்குள் நிற்கிறது, அதற்கு ஊசி போடுகிறார்கள்.

மேயர் கதையை வாசித்துச் சிரித்தேன். நீங்கள் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறீர்களா! அண்ணி இருந்திருந்தால் "இந்த மனிசனுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கதவு தட்டவே ஆள் வேணும்" என்றிருப்பா. போங்கள், நல்லதுதான். சப்பாத்து மட்டும் வழுக்காததாகப் போடுங்கள்.

மருமகன் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். போன வருசம் அவனுக்குப் பராமரிப்புப் பள்ளியில் இடம் கிடைத்தது. பிறகு எப்படி அது கைவிட்டுப் போனது? அவன் விட்டுவிட்டான் என்றுதான் சொன்னீர்கள். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அங்கே பனி கொட்டுகிறதாம். கழுத்தை மூடிக்கொண்டு திரியுங்கள்.

அன்போடு,
பிறின்சி


18 பெப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு,

ஊசி போட்ட கால் நடக்கவிடுகிறதா? நாங்கள் இருவரும் சுகம்.

இதுவரை முப்பத்தொரு வீடு ஏறியிருக்கிறேன். தாளில் பெயர், பிறந்த திகதி, முகவரி, கையெழுத்து, அவ்வளவுதான். ஆனால் எங்கள் சனத்திடம் ஒரு கையெழுத்து வாங்க இரண்டு தேத்தண்ணி குடிக்க வேண்டும். சீனி வேண்டாம் என்றால் கோபிக்கிறார்கள். விமலநாதன் கதவு திறந்ததுமே பேனையைப் பறித்தான். "மனிசி வேலையில, மூத்தவன் ஜிம்முக்குப் போயிட்டான், சின்னவளுக்கும் பதினாறு முடிஞ்சு வாக்கு வந்திட்டுது. நாலு பேருக்கும் நானே போட்டுவிடுறன் அண்ணை, நீங்கள் மினக்கெடாதேங்கோ." போட்டான். அவனிலும் பிழையில்லை. கோயில் தாளோ, பள்ளிக்கூடத் தாளோ, வீட்டுக்குப் பெரியவன் ஒருவன் எல்லோருக்கும் கையெழுத்து வைப்பதுதானே எங்கள் வழக்கம். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது.

பென்ஜமின் வீட்டில்தான் மனம் கஷ்டப்பட்டது. அவர் இன்னும் ஜேர்மன் பாஸ்போட் எடுக்கவில்லை. "உங்களுக்குப் போட ஏலாது அண்ணை" என்றேன். "முப்பத்தைஞ்சு வருசமா இந்த ஊர்க் குப்பையை நான்தானே அள்ளுறன். இந்தாளை இறக்க எனக்கு உரிமை இல்லையோ?" என்றார். பேனையை மூடி வைத்தேன். தனி ஆள், பாவம். என்னைப் போகவிடாமல் ஒரு மணித்தியாலம் இருத்திவைத்தார். எனக்கும் எழும்ப மனமில்லை.

எங்கள் வீட்டுத் தாளில் முதல் வரி நான். இரண்டாவது வரி நிலக்ஷன். போன கிழமை சாப்பிட்டு முடிந்ததும் மேசையில் வைத்துப் போட்டுத் தந்தான். ஒரே முகவரி ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு தரம் நிற்கிறது. பார்க்க வடிவாக இருக்கிறது.

கர்த்தர் துணை.
மரியரட்ணம்


25 பெப்ரவரி 2024
பான்
எழுதி, தபாலில் போடாமல் மேசை லாச்சிக்குள் வைத்தது

அண்ணை,

சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனமில்லை. நீங்கள் எழுதிய அந்தக் கிழமை நிலக்ஷன் எந்த மேசையில் சாப்பிட்டான் என்று எனக்குத் தெரியும். நான் இதை எழுதும் இதே மேசையில்.

நவம்பர் ஆறாம் திகதி ஒரு பையோடு வந்து நின்றான். இருபத்தொரு வயதுப் பெடியன் வாசலில் நின்று அழுதால் நான் என்ன செய்ய? நகராட்சியில் வசிப்பிடப் பதிவையும் என் முகவரிக்கு மாற்றிவிட்டான். "அப்பாட்டைச் சொன்னா நான் வேற இடம் போயிடுவன் மாமி" என்றான். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதுவதை அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். அவன் என்னை விசாரித்ததாக நீங்கள் எழுதிய இடத்தில் சிரித்தான். கையெழுத்துப் போட்டான் என்ற இடத்தில் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் ஏற்கெனவே கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினான்.

"அப்பா ரெண்டாந்தரமும் செய்திட்டார் மாமி."

முதல் தரம் என்ன நடந்தது என்று அப்போதுதான் முழுதாகச் சொன்னான். பராமரிப்புப் பள்ளிக்கு, "எனக்கு இந்த இடம் வேண்டாம்" என்று அவன் பெயரில் நீங்கள் கடிதம் எழுதி, அவன் கையெழுத்தையும் நீங்களே வைத்தீர்களாமே. அவன் தொடங்கும் திகதி கேட்டுப் போன் எடுத்தபோது அந்தப் பள்ளிக்கூடத்தார் சொல்லித்தான் தெரிய வந்ததாம்.

"ஊரைக் கேளாமல் கையெழுத்து வைச்ச மேயரை இறக்கத் திரியிறார். என்னைக் கேளாமல் வைச்சவரை நான் என்ன செய்யிறது?" என்று கேட்டான். அண்ணை, நான் உங்கள் பக்கம் கதைக்கத்தான் வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி போடட்டோ?" என்றுதான் வந்தது.

இதை அனுப்பினால் அவன் போய்விடுவான். அனுப்பாவிட்டால் நீங்கள் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவீர்கள்.


3 மார்ச் 2024
பான்

அன்புள்ள அண்ணைக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை கூட, நீட்டி எழுத நேரமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருவருக்காக இன்னொருவர் போட்ட கையெழுத்துகளை நீங்களே வெட்டிவிடுங்கள். இந்த நாட்டில் அது சின்ன விசயமில்லை. நிலக்ஷனுடைய வரியையும் ஒருமுறை பாருங்கள்.

பிறின்சி


7 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள், பிந்தினாலும். நான் சுகம். கால் எப்படி?

நிலக்ஷனுடைய வரியில் பார்க்க என்ன இருக்கிறது? என் கண்ணுக்கு முன்னால் போட்டான். நீ முதியோர் இல்லத்தில் மருந்துப் பெட்டி சரிபார்த்துச் சரிபார்த்து எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறாய். விமலநாதனிடம் போய் "உன்ர மனிசியின்ர கையெழுத்து வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? பிறகு முகத்தில் முழிக்க வேண்டாமா?

போன புதன்கிழமை ரீச்சரும் நானும் இன்னும் பத்துப் பேரும் பெட்டியோடு நகராட்சிக்குப் போனோம். நாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு கையெழுத்து! ரீச்சர் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்திரிகைக்குப் படம் எடுத்தார்கள். நான் பின்வரிசையில் நிற்கிறேன், அரை முகம் தெரிகிறது. வெட்டி இதோடு வைத்திருக்கிறேன்.

உயிர்த்த ஞாயிறன்று கோழிக்கறி வைத்தேன். நிலக்ஷன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

அன்புடன்,
மரியரட்ணம்


19 மே 2024

பிறின்சி,

நீ பதில் போட்டு இரண்டரை மாதமாகிறது. சுகமில்லையோ? சுகமென்றால் கோபமோ?

எங்கள் மனு விழுந்துவிட்டது. நகராட்சி ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டோடு வைத்துப் பார்த்திருக்கிறது. தொண்ணூறு பேரை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது நாலாயிரத்து எழுநூற்று ஐம்பத்தேழு. நாற்பத்து மூன்று குறை. அந்தத் தொண்ணூறில் அறுபத்து மூன்று என் தாள்களில் இருந்தவை. ஒரே பேனை, ஒரே கை. நான் அந்த வீடுகளில் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தால்கூட ஊருக்கு இவ்வளவு கேடு வந்திராது. அவர்கள் தங்கள் பாட்டில் சந்தையில் நின்று ஒழுங்காகப் போட்டிருப்பார்கள்.

ரீச்சர் படியேறி வந்து சொன்னார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முதலில் இருந்து தொடங்குவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தமிழ் ஆட்கள் ஊரைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று பேக்கரியில் இரண்டு பேர் கதைத்தது என் காதில் விழுந்தது.

நிலக்ஷனுடைய வரிக்கு வேறு காரணம் எழுதியிருக்கிறார்களாம். "இந்நகரில் பதிவில்லை." கம்பியூட்டர் பிழையாக இருக்கும். விளக்கம் சொல்ல ஜூன் நாலாம் திகதி வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

மரியரட்ணம்


26 மே 2024
பான்

அண்ணை,

கம்பியூட்டர் பிழை இல்லை. நிலக்ஷன் நவம்பரில் இருந்து என்னோடு இருக்கிறான். பதிவும் இங்கேதான். உங்களிடம் சொன்னால் போய்விடுவேன் என்றான், அதுதான் மறைத்தேன். உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்துவிட்டு, "சொல்லுங்கோ மாமி. அங்கை போய் இன்னொரு பொய் சொல்லி மாட்டப்போறார்" என்று அவனே சொன்னான்.

மார்ச்சில் இங்கே ஒரு பள்ளியில் பராமரிப்புப் படிக்கத் தொடங்கிவிட்டான். நல்லாய்ச் செய்கிறான். உயிர்த்த ஞாயிறன்று அவனுக்கு முதல் ஞாயிறு வேலை. வந்து பாணும் ஜாமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். உங்கள் கோழிக்கறி வரியை அவனுக்கு வாசிக்க என்னால் முடியவில்லை அண்ணை. அந்த ஒரு வரியைத் தாண்டிவிட்டேன்.

திரும்பி வரமாட்டானாம். நான் சொல்லிப் பார்த்தேன். "மேயரை இறக்கச் சொல்லி அப்பா எழுதின காரணத்தை வாசியுங்கோ மாமி, எனக்கும் அதுதான் காரணம்" என்கிறான்.

என்னில் கோபமென்றால் ஏசி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் விடாதீர்கள்.

உங்கள்,
பிறின்சி


9 ஜூன் 2024

என் தங்கைக்கு,

ஏச என்னிடம் ஒன்றும் இல்லை. நீ அவனுக்குச் சாப்பாடு போடுகிறாய்.

பிறின்சி, அவன் உன்னிடம் இருக்கிறான் என்று எனக்கு டிசம்பரிலேயே தெரியும். மாதப் பூசை முடிந்து வரும்போது நிலக்ஷனின் கூட்டாளி பிரதாப்பின் தாய் சொன்னா. நத்தாருக்கு உனக்குப் போன் எடுத்ததே அதற்குத்தான். "குடு, ஒருக்கா அவனோடை கதைப்பம்" என்று கேட்க எடுத்துவிட்டு, கால் கழுவுகிற கதையைக் கதைத்தேன். என் வாய் அப்படி.

பிறகு கடிதம் தொடங்கினேன். நீ அவனுக்கு வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். நிலக்ஷன் சாப்பிட்டான், நிலக்ஷன் விசாரித்தான் என்று புளுகினால், "ஏனப்பா என்ர பேரில பொய் சொல்லுறியள்?" என்று கேட்கக் கோபத்திலாவது ஒருநாள் போன் எடுப்பான் என்று பார்த்தேன். ஏசினாலும் குரல் கேட்கும்தானே. கோழிக்கறி மட்டும் உண்மை. வைத்தேன். நாலு நாள் நானே சாப்பிட்டேன்.

அந்தக் கையெழுத்து அதற்காகப் போட்டதில்லை. அன்றைக்கு மேசையில் முதல் வரியில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது வரி வெறுமையாகக் கிடந்தது. மற்ற வீடுகளின் தாளில் நாலு பெயர், ஐந்து பெயர். எங்கள் வீட்டுக்கு ஒன்று. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுதிவிட்டேன்.

நாலாம் திகதி நகராட்சிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் பிள்ளை. நிலக்ஷனின் வயதுதான் இருக்கும். மரியாதையாக இருத்திவைத்துக் கேட்டாள். "இது உங்கள் மகனின் கையெழுத்தா?" என் கையெழுத்து என்றேன். "உங்கள் மகன் உங்களோடு வசிக்கிறாரா?"

இத்தனை மாதம் உனக்கும் பூசைக்கு வரும் சனத்துக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்த முன்பின் தெரியாத பிள்ளையிடம் "இல்லை" என்றேன். அவள் அதை அப்படியே கம்பியூட்டரில் அடித்தாள். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, என்ன தண்டனை என்று கேட்டேன். மேலிடத்தில் இருந்து கடிதம் வருமாம்.

பராமரிப்புப் பள்ளிக் கடிதமும் நான்தான். அதை அவனிடம் நான் சொன்னதில்லை. இதை வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் தாண்டாதே.

அண்ணன்


17 நவம்பர் 2024

அன்பு மகன் நிலக்ஷனுக்கு,

எப்படி இருக்கிறாய்? ஞாயிறு வேலைக்குப் போகிற நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உனக்கு நேரே எழுதலாமா என்று மாமியிடம் கேட்டேன். "எழுதுங்கோ, திறக்கிறதும் விடுறதும் அவன்ர இஷ்டம்" என்று எழுதியிருந்தா.

என்னை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். கோடை முழுவதும் திரும்பவும் கையெழுத்துச் சேர்த்தோம். இந்த முறை என் தாளில் ஒருவருக்காக ஒருவர் போடவில்லை. விமலநாதனின் மனிசி வேலையால் வரும்வரை படிக்கட்டில் இருந்தேன். அவனுடைய சின்னவள் தாளை முழுவதும் வாசித்துவிட்டு, "நான் போட மாட்டன் மாமா. எனக்கு மேயரில கோபம் இல்லை" என்றாள். தகப்பன் போன தரம் அவளுக்கும் சேர்த்துத்தான் போட்டவன்! அவன் முழிசிக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் நினைவுதான்.

ஐயாயிரத்து முந்நூறுக்கு மேல் சேர்ந்தது. மனு செல்லும் என்று நகரசபை ஏற்றுக்கொண்டது. வாக்குச் சீட்டு அறிவித்தல் தபாலில் வந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒன்றுதான் வந்தது. ஒன்றுதான் வரும் என்று தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த நாளும் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

போன ஞாயிறு வாக்கெடுப்பு நடந்தது. இறக்கச் சொல்லி வாக்காளரில் கால்வாசிப் பேர், ஆறாயிரம் பேர், போட வேண்டும். ஏழாயிரத்து நூறு பேர் போட்டார்கள். மேயர் போய்விட்டார். மண்டபத்தில் பாட்டும் பியரும். ரீச்சர் என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார். ஒரு வாய் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வந்து சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

மகன், அவரை இறக்க அத்தனை ஆயிரம் பேர் வேண்டியிருந்தது. என்னை இறக்க நீ ஒருவன் காணும். நீ செய்தது சரி. உன்னைக் கேளாமல் உன் வாழ்க்கைக்குக் கையெழுத்து வைத்தேன். அதற்கு ஒரு சாட்டும் சொல்ல மாட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இறக்கப்பட்டவர் விரும்பினால் திரும்பவும் தேர்தலில் நிற்கலாம், சட்டத்தில் தடையில்லை என்று ரீச்சர் சொன்னார். அப்பாவுக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா? நீயே யோசித்து, நீயே சொல். இந்த முறை உன் பதிலை நான் எழுத மாட்டேன்.

அப்பா


1 டிசம்பர் 2024
பான்

அப்பா,

நான் சுகம். சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போறேன். என் தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும். மாமி திருத்தித் தாறேன் என்று சொன்னா. நான் வேண்டாம் என்று சொன்னேன்.

உங்கள் கடிதத்தை நாலு நாள் திறக்கவில்லை. பிறகு வேலை இடத்தில் திறந்தேன். அங்கே ஒரு வயதான மனுசர் இருக்கிறார், ஒவ்வொரு நாளும் என்னை அவருடைய மகன் என்று நினைத்துக் கதைக்கிறார். நான் இல்லை என்று சொல்வதில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் வாசித்தேன்.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. திரும்பி வந்து இருக்க மாட்டேன். ஆனால் நத்தாருக்கு அடுத்த நாள் எனக்கு லீவு. இரண்டு மணிக்கு வாறேன், ஆறு மணி ரயிலில் போவேன். கட்டில் விரிக்க வேண்டாம்.

ரீச்சர் சொன்ன சட்டம் பற்றி எனக்குத் தெரியாது. வந்து கதைப்போம்.

இன்னொன்று. நீங்கள் அந்தத் தாளில் என் பெயரை முழுதாக, சின்னப் பிள்ளை மாதிரி எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படிப் போடுவதில்லை. பதினெட்டு வயதில் இருந்து வேறு மாதிரி. நீங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை, ஏனென்றால் எனக்கு வந்த தாள் எல்லாவற்றிலும் நீங்களே போட்டீர்கள்.

கீழே போட்டிருக்கிறேன். பாருங்கள். இதுதான் என் கையெழுத்து.